சுடுதண்ணீர்க் குழாய் ஒன்றுதான்

புலம்பெயர்ந்து வந்த ஊரான கிளென் ஈடனில் நாங்கள் விளையாடிய சின்னக் கால்பந்து மைதானம், நெதர்லாந்திலிருந்து குடியேறியவர்கள் ஒரு காலத்தில் தங்கள் கையாலேயே கட்டியது. ஒரு மர மேடை, ஓர் உடைமாற்றும் அறை, அதில் ஒரே ஒரு சுடுதண்ணீர்க் குழாய். களத்தில் அடித்துக்கொண்டவர்களும் அந்த அறைக்குள்தான் ஒன்றாகக் குளிக்க வேண்டும்.

நான் கோல்கீப்பர். அன்று பந்துக்குப் பாய்ந்தபோது, கோல் கம்பத்தடியில் புல்லுக்குள் கிடந்த தேங்காய்ச் சிரட்டை என் முழங்காலைக் கிழித்தது. எங்கள் அணி முழுக்க வேதக்காரர், கிறிஸ்தவர்கள். எதிரணி தமிழ்நாட்டு இந்துக்கள். வெற்றிக்காகத் தேங்காய் உடைத்தது வேறு யார்? ஓடிப்போய் அவர்களுடைய கப்டனின் மூக்கில் குத்தினேன். எலும்பு நொறுங்கியது கைக்குத் தெரிந்தது. பிறகு மேடைப் பலகைகளைப் பிடுங்கி இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டோம்.

உடைமாற்றும் அறைக்குள் அந்தக் கப்டன் இரத்தத்தோடு கத்தினான்: "நாங்க தேங்காயே உடைக்கலடா!"

"ஓம், நான்தான் உடைச்சனான்," என்றார், கழுத்தில் சிலுவை தொங்கிய எங்கள் பயிற்சியாளர். "எத்தினை மேட்ச்தான் தோக்கிறது?"

கொஞ்ச நேரத்தில் அந்தக் குழாயடியில், இரத்தம் வழியும் தன் மூக்கைக் கழுவ, அவர்களின் கப்டனுக்குப் பின்னால் எங்கள் பயிற்சியாளரும் வரிசையில் நின்றார்.