கிரகணக் குளியல்

என் வீட்டுக்காரருக்குக் கிரகணம் என்றால் வெறும் நிழல். "சந்திரன் குறுக்க வருது, நிழல் விழுது. இதுல என்ன தீட்டு?" என்பார். பினாங்கில் கணக்கு வாத்தியார், மதராஸில் எம்.ஏ. வாங்கியவர். அவரோடு பேசி ஜெயிக்க முடியாது என்பதால் நான் பேசுவதில்லை. கிரகணம் வந்தால் அடுப்பை அணைப்பேன், குடிதண்ணீரில் தர்ப்பை போடுவேன், மற்ற தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டுத் தலைமுழுகுவேன். அவர் சிரித்துக்கொண்டே பார்த்திருப்பார்.

அந்த வருஷம் முழுச் சூரிய கிரகணம் எங்கள் ஊருக்கே வந்தது. அதைப் படம் பிடிக்கச் சீமையிலிருந்து ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் கப்பலேறி வந்தார். அவருடைய வானாராய்ச்சிக் கூடத்தில், பட்டம் முடித்தவர்கள் மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய ஓர் இடம் இருந்தது. இரண்டு வருஷம், சம்பளத்தோடு. பால்வெளிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தேடுகிற வேலையாம். இவர் விண்ணப்பம் போட்டிருந்தார். கிரகண வேலையில் கூட இருக்கட்டும், படம் நன்றாக வந்தால் அந்த இடம் இவருக்கே என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

கப்பல் செலவு ஒருவருக்குத்தான் தருவார்கள். "நீ உங்க அக்கா வீட்டுல இரு. ரெண்டு வருஷம் ஓடிடும்லா" என்றார் இவர். அவருக்கு ஓடும். எனக்கு நகரக்கூட நகராது என்று நினைத்தேன், சொல்லவில்லை. ஆசைப்பட்ட மனுஷனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பள்ளிக்கூடத் திடலில் தூரதர்சினியை நிறுத்தினார்கள். திடலை ஒட்டி எங்கள் வீடு. ஜன்னலே இல்லாத குளியலறை எங்களுடையதுதான் என்பதால், படம் கழுவும் இருட்டறையாக அதை எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடித் தகட்டில் பூசியிருக்கும் மருந்து எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் உருகி வழிந்துவிடுமாம். அதனால் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, ஐஸ் கட்டிகளைப் போட்டு, கோணிச்சாக்கால் மூடி வைத்தார்கள். எனக்குப் பின்பக்கக் குழாயடிதான் மிச்சம்.

காலையெல்லாம் மேகம். மத்தியானம், கிரகணம் முழுசாகப் பிடிக்கிற நேரத்துக்குச் சரியாக மேகம் விலகியது. நான் உள்ளேயிருந்தேன். வாசல் மரத்தடியில் விழுந்திருந்த வெயில் பொட்டுகளெல்லாம் பிறையாகித் தேய்ந்து, பிறகு காணாமலே போயின. காக்கைகள் கூட்டுக்குத் திரும்பின. திடலில் இவர் விநாடிகளை உரக்க எண்ணுகிற குரல் மட்டும் கேட்டது. பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

கிரகணம் விட்டதும் குழாயடியில் தலைமுழுகிவிட்டு வந்தேன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். கதவைத் தள்ளினால், வேட்டியோடு நனைந்து நிற்கிறார் இவர். பல் கிட்டிப்போயிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார். ஐஸ் கரைந்த மிச்சத் தண்ணீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"என்னங்க இது?"

"கிரகணம் விட்டுச்சு, குளிச்சேன்" என்றார். அப்புறம்தான் கையிலிருந்த அடைப்பைப் பார்த்தார்.

ஊருக்குத்தான் உபதேசம். பிறந்ததிலிருந்து கிரகணம் விட்டால் குளித்து, பழைய தண்ணீரைக் கொட்டிப் பழகிய கை, எம்.ஏ.வைக் கேட்டுக்கொண்டா வேலை செய்யும்? சந்தோஷத்தில் மனசு எங்கேயோ இருக்க, கை தன் வழியில் போயிருக்கிறது. "அவ்ளோ குளிருச்சே, தெரியலியா?" என்றேன். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார், பாவம்.

ஐஸ் கம்பெனிக்கு ஓடினார். கிரகணம் என்று பாதி ஆட்கள் வேலைக்கே வரவில்லை, கட்டியில்லை என்று திரும்பி வந்தார். நடந்ததை ஒளிக்காமல் பேராசிரியரிடம் சொன்னார். அவர் திட்டவில்லை. தகடுப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இந்த ஈரக்காற்றில் நாளைவரை வைத்தால் தகடுகள் கெட்டுவிடுமாம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று இவர் சுவரைப் பார்த்து நின்றார்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இனிப் போகமாட்டார். அக்கா வீடு வேண்டாம், கப்பல் வேண்டாம். அந்த நிம்மதியோடு அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீன் பெட்டி கட்டுகிற இடத்தில் எந்நேரமும் ஐஸ் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். இந்த இரண்டு பேருக்கும் தெரியாது. பால்வெளிக்கு அப்பால் பார்க்கிறவர்கள் மீன் பாசார் பக்கம் எங்கே போயிருக்கப் போகிறார்கள்?

அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ரிக்‌ஷா பிடித்தேன்.

"அக்கா, மீன் வேணாமா? ஐஸ் மட்டுமா?" என்று பெட்டி கட்டுகிற தம்பி இரண்டு முறை கேட்டான். நாங்கள் சைவம். தீட்டுப் போகத் தலைமுழுகிய ஈரம் காயுமுன்னே, மீன் நாற்றமடிக்கும் ஐஸ் மூட்டையை மடியோடு அணைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். தொட்டியில் புதுத் தண்ணீர் பிடித்து, அதைக் கொட்டி, தகடு கழுவும் தட்டுகளை மேலே மிதக்கவிட்டார்கள்.

பொழுது சாயும்போது இவர் ஒரு தகட்டைக் கொண்டுவந்து விளக்குக்கு நேரே பிடித்தார். தகட்டில் கறுப்பும் வெளுப்பும் மாறித் தெரியும் என்றார். நடுவே வெளுப்பாய் ஒரு வட்டம், அதைச் சுற்றிக் கறுப்பாய் விரிந்த ஒளி. "எப்படி இருக்கு?" என்றார். அழகாக இருந்தது. அப்படியே சொன்னேன். வீடு முழுக்க மீன் வாடை.

அந்த இடம் அவருக்கே கிடைத்தது. கப்பலேற்றிவிடப் போன அன்று, ஏதாவது பேசவேண்டுமே என்று, "அங்க கிரகணம் வந்தா என்ன செய்ய?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது.

"குளிங்க" என்றேன். "வெந்நீர் போட்டுக் குளிங்க. அங்க ஐஸ் எடுத்துட்டு வர நான் இருக்கமாட்டேன்."