காலி அட்டைகள்

கொடுத்த மாத்திரை அத்தனையையும் ஒழுங்காகச் சாப்பிட்டு முடிக்கும் ஒரு ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. நானே மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் அட்டையைத் தூக்கி டப்பாவுக்குள் போட்டுவிடும் ஜென்மம். அதனால்தான் அந்த மாதம் என் மேசைக்கு வந்த அட்டைகள் எல்லாமே காலி என்று தாளில் பதிவாகியிருந்தபோது, எவனோ நம்மிடம் விளையாடுகிறான் என்று முடிவு கட்டினேன்.

நான் படிப்பது மருந்தாளுநருக்கான ஃபார்ம்.டி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்பு. சொந்தக்காரர்களுக்கு இதை விளக்குவதை எப்போதோ கைவிட்டாச்சு. "மெடிக்கல் வெக்கறதுக்கா சாமி இத்தனை வருசம்?" என்பார்கள். ஆமாங்க என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். பாதி நாள் நாமக்கல்லில் ஒரு மருத்துவமனை வார்டில் டாக்டரோடு ரவுண்ட்ஸ். மீதி நாள் ஆராய்ச்சி. பிரஷர் உள்ளவர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்பதுதான் என் கேள்வி. மாதம் ஒரு முறை அட்டைகளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி, மிச்சத்தை ட்ரேயில் கொட்டி எண்ணித் தாளில் எழுதுவேன். அந்தத் தாள் டாக்டர் கைக்கும் போகும்.

முதல் மாதம் ஒருவரிடம் எட்டு மிச்சம், ஒருவரிடம் பன்னிரண்டு. இரண்டாம் மாதமும் அப்படித்தான். அன்றைக்கு என் கைடு மேடம் வந்து, நான் கிறுக்கி வைத்திருந்த தாளைப் பார்த்து, காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் ஒரு பிடி பிடித்தார். ஒரு கையில் தாள், மறு கையில் மிச்ச மாத்திரை இருந்த அட்டை. கோபம் என் கையெழுத்தின் மேல்தான்.

மூன்றாம் மாதம் எல்லாம் பூஜ்யம். மேடம் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த மாதம் ஆய்வுக் குழு முன்னால் ரிவ்யூ, இதை வைத்தே போய்விடலாம் என்றார். எனக்கோ அந்தப் பூஜ்யங்கள் மேல் நம்பிக்கை வரவில்லை. நான் ரவுண்ட்ஸ் போகும் நேரத்தில் என் மேசையில் உட்காருபவன் கூடப் படிக்கும் ஒருத்தன். குமாரபாளையத்துக்காரன், வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு டீக்கு ஓடும் ரகம். அவனை நேராகவே கேட்டேன்.

"டேய், எண்ணாமயே பூஜ்யம் போட்டியா?"

"லூசா நீ? பொய் எழுதறவன் எல்லாத்துக்குமா பூஜ்யம் போடுவான்? நாலஞ்சு பேருக்கு மிச்சம் உட்டு அழகா எழுதியிருப்பேன்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே இன்னும் சந்தேகம் வந்தது.

நாலாம் மாதம் அவனை மேசைப் பக்கமே விடவில்லை. காலையில் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "மோகனூர்ல இருந்து வர்ற அந்த அம்மாவுக்கு பிரஷர் இறங்கவே மாட்டேங்குது. உன் தாள்ல ஒழுங்கா சாப்பிடறாங்கன்னு இருக்கு. இன்னிக்கும் மிச்சம் இல்லன்னா டோஸை ஏத்திடறேன்."

வெளியே வந்து தண்ணீர் கேன் பக்கம் போனேன். கீழே இருந்த குப்பைக்கூடையில் டீக் கப்புகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக ஏதோ கிடந்தது. குனிந்து பார்த்தேன். மாத்திரைகள். என் ஆராய்ச்சி மாத்திரைகள்.

தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். பெஞ்சில் அந்த மோகனூர் அம்மா, மடியில் மஞ்சள் பை. அட்டையைப் பிடித்து மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் பிதுக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பெரியவருக்கு வகுப்பு வேறு.

"மிச்சம் வெக்காதீங்க. அன்னிக்குப் பாத்தீங்கல்ல, அட்டையக் காட்டி அந்த டீச்சரம்மா இந்தப் புள்ளைய எப்படி வைஞ்சாங்க? மார்க்கக் கொறச்சுப்புட்டாங்கன்னா?"

எனக்குக் காது சூடானது. முன்னால் போய் நின்றேன். பை சட்டென்று முந்தானைக்குள் போனது.

"ஏனுங்கம்மா, எனக்காகவா இதெல்லாம்?"

"பின்ன? நீ பாஸாகோணுமல்லோ கண்ணு."

"செரி, மாத்திரைய ஏன் சாப்பிடல?"

"தின்னா கிறுகிறுன்னு வருது. கரும்புக்குத் தண்ணி கட்டறப்ப வரப்புல நிக்க முடியல. டாக்டர்கிட்ட சொல்லிராத சாமி, வைவாரு."

"சொல்லலீன்னா இதவிட ஜாஸ்தி குடுப்பாரும்மா. அத நெசமா தின்னீங்கன்னா காட்டுலயே உழுந்துருவீங்க."

பக்கத்துப் பெரியவர் தன் அட்டையை மெதுவாகச் சட்டைப் பைக்குள் செருகினார்.

சொன்னால் இரண்டு மாதக் கணக்கும் குப்பை, ரிவ்யூவும் போச்சு. சொல்லாவிட்டால் டாக்டர் பேனாவை எடுக்கப்போகிறார். அந்த அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு உள்ளே போய், "சார், என் தாளை நம்பாதீங்க" என்றேன். டாக்டர் அவரைத் திட்டவில்லை, என்னைத்தான் கொஞ்சம் திட்டினார். பிறகு கிறுகிறுப்பைப் பற்றி நிதானமாகக் கேட்டு, வேறு மாத்திரை எழுதினார்.

மேடம் இரண்டு மாதத் தாள்களிலும் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்திட்டார். ரிவ்யூ தள்ளிப்போனது. குமாரபாளையத்துக்காரனிடம் மன்னிப்புக் கேட்டேன். "டீ வாங்கிக் குடு, யோசிக்கறேன்" என்றான்.

அடுத்த மாதம் வந்த ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து சொன்னேன்: மிச்சம் இருந்தால் என்னை யாரும் திட்ட மாட்டார்கள், உள்ளதை உள்ளபடி கொண்டுவந்தால் போதும். எல்லாரும் பலமாகத் தலையாட்டினார்கள். மோகனூர் அம்மா அட்டையை ட்ரேயில் வைத்தார். ஒன்பது மிச்சம். இரண்டு தரம் எண்ணினேன். எழுதப் பேனாவை எடுத்தபோது என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

"ஒம்பது போதுமா கண்ணு? இல்ல, இன்னுங் கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கோணுமா?"

பேனாவை மூடி வைத்துவிட்டு, பிரஷர் மெஷினை எடுத்து அவர் கையில் பட்டையைச் சுற்றினேன்.