சாப்பாட்டு டப்பாவில் ஒளிந்த அட்டை

ஷாஃப்ட் ஹில் சாலையில் வீட்டு வாசலுக்கு ஒன்றாகப் பதினோரு தபால் பெட்டிகள். இருபத்தாறு வருஷமாக அவற்றில் கடிதம் போடும் தபால்காரி லியோனா குஸ்மா. பதினோராவது பெட்டி அவளுடைய வீட்டுப் பெட்டிதான். யார் வீட்டுக்கு என்ன வருகிறது என்பது அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஒரு வார்த்தை வெளியே வராது. அந்த விஷயத்தில் அவள் வாய்க்குப் பூட்டு உண்டு.

அந்த ஜனவரியில் மூன்று நாள் விடாமல் பனி கொட்டியது. ஊர்ச் சாலைகளுக்குப் பொறுப்பாளராகத் தேர்தலில் வென்று வந்த ஹார்ட்மன், பனி தள்ளும் லாரியைத் தன் கூட்டாளிகள் தெருவுக்கெல்லாம் அனுப்பிவிட்டு, வழக்கம்போல லியோனா குடியிருந்த மலைக்குக் கடைசியில் அனுப்பினார். லியோனாவின் கணவன் எமிலுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஒன்று தவறிப்போய், அடுத்ததற்கும் வழியில்லாமல், முகம் வீங்கி மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த மனிதனைப் பக்கத்து வீட்டு டிராக்டரில் ஏற்றிக் கீழே கொண்டுபோனார்கள். ஹார்ட்மனை வீட்டுக்கு அனுப்புவது என்று லியோனா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

முடிவு சுலபம், வழிதான் கோணல். அந்த ஊரில் நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு. மே மாத உட்கட்சித் தேர்தலில் குடியரசுக் கட்சிக்காரர்கள் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்களோ, அவரை எதிர்த்து அப்புறம் யாரும் நிற்க மாட்டார்கள். இந்த முறை ஹார்ட்மனுக்கு எதிராக, பள்ளிப் பேருந்து ஓட்டும் ட்ரூடி அந்தக் கட்சியிலேயே நின்றாள். அதில் ஓட்டுப் போட அந்தக் கட்சியில் பெயர் பதிந்திருக்க வேண்டும். மலைக்காரர்களோ சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகள். தாத்தா காலத்திலிருந்து ஜனநாயகக் கட்சி. எமில் வீட்டுக் கூடத்தில் சிலுவைக்குப் பக்கத்திலேயே அவன் அப்பாவின் படமும் தொழிற்சங்க அட்டையும் தொங்குகின்றன. மதம் மாறினால்கூட எமில் மன்னித்துவிடுவான்.

லியோனா அவனிடம் சொல்லாமலே கட்சிப் பதிவை மாற்றும் படிவத்தை அனுப்பினாள். கள்ளத்தனம் அவளுக்குப் பழக்கமில்லை.

ஏப்ரல் கடைசியில், பதிவை மாற்றியவர்களுக்குத் தேர்தல் அலுவலகத்திலிருந்து புது அட்டைகள் வரத் தொடங்கின. அதே சாலையில் இருக்கும் வான்டா தன் பெட்டியருகே காத்துக்கொண்டு நின்றாள்.

“லியோனா, எனக்கு அட்டை வந்தா பெட்டியில போடாதடி, கையில குடு. என் வீட்டுக்காரன் பாத்தான்னா என்னைத் தொலைச்சுக் கட்டிடுவான்.”

“எந்த அட்டை? எனக்கு ஒண்ணும் தெரியாதே.”

“ஆமா, பச்சப் புள்ள! சிரிக்காத, ஆளு வரப் போறாங்க.”

மறுநாள் அதே இடத்தில் வான்டாவின் வீட்டுக்காரன் நின்றான், அதே வேண்டுகோளோடு. லியோனா சிரிப்பை அடக்கிக்கொண்டு, இருவருக்கும் தனித்தனியாகக் கையில் கொடுத்தாள்.

ஒரு வாரத்தில் மலைக்கு மட்டும் பதினான்கு அட்டைகள் வந்துவிட்டன. பதினைந்தாவது அவளுடையது. அதைச் சாப்பாட்டு டப்பாவில் கைக்குட்டைக்கு அடியில் செருகினாள். சாயங்காலம் அந்த டப்பாவைக் கழுவுவது எமில்தான் என்பது அவசரத்தில் அவளுக்கு மறந்தே போயிற்று.

உடை மாற்றிவிட்டு அவள் வந்தபோது அட்டை மேசைமேல் இருந்தது.

“என்ன இது?”

“அதான் படிச்சிட்டியே.”

“எங்கப்பா படத்துக்குக் கீழ உக்காந்து சாப்பிடுற. உனக்கு வெக்கமா இல்ல?”

“வெக்கமாத்தான் இருக்கு. ஆனா அடுத்த பனியில உன்னைப் பொணமா கீழ எறக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.”

முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியம் இன்றோடு சரி என்று லியோனா நினைத்துக்கொண்டாள். எமில் துண்டை எடுத்தான். அட்டையின் ஈர ஓரத்தை ஒற்றி எடுத்தான்.

“நானும் ஒரு படிவம் வாங்கிட்டு வந்தேன், மார்ச்சுல. பேனா எடுத்தேன், கை போகல. அந்த டிராயர்லதான் கெடக்கு.”

“எமில்…”

“என்னால முடியல. நீ செஞ்சிட்ட. ஓட்டுச் சீட்டுல அந்த ட்ரூடி பேருக்குப் பக்கத்துல இருக்கற வட்டத்த எனக்கும் சேத்து நல்லா அழுத்திக் கறுப்பாக்கு.”

லியோனா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவ்வளவு நிம்மதியாக அவள் அழுது பல வருஷமாகியிருந்தது.

மே மாதத் தேர்தலில் ட்ரூடி ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் வென்றாள். தீயணைப்பு நிலையக் கூடத்து விருந்தில், பியரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை விழுங்கியபடியே ஊரெல்லாம், அந்த ஓட்டுகள் எங்கிருந்து முளைத்தன என்று மண்டையை உடைத்துக்கொண்டது. ஹார்ட்மன் நேராக லியோனாவிடமே வந்தார்.

“வீடு வீடா போறவ நீ. உனக்குத் தெரியாமலா இருக்கும்?”

“நான் கடுதாசி குடுக்கறவ. அதோட என் வேல முடிஞ்சுதுங்க.”

அடுத்த ஜனவரியில் ட்ரூடி பொறுப்பேற்ற முதல் வாரமே பனி கொட்டியது. விடிந்தபோது லாரி மலையேறிக்கொண்டிருந்தது. அன்று டயாலிசிஸ் நாள். லியோனா காரைக் கிளப்பிவிட்டு ஹாரன் அடித்தாள். கோட்டும் தொப்பியுமாகப் புறப்பட்ட எமில், கூடத்தில் அப்பாவின் படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றான்.

“அவளத் திட்டாதப்பா,” என்றான். “லாரி வந்துடுச்சு.”