தொழில்: இல்லை

2006இல் தாம்பரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளின் விவரம் எழுதும் வேலை எனக்கு. நெஞ்சில் நீர் கட்டி வந்த ஓர் அக்கா, "எங்க வூட்டுக்காரரு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கம்பெனில கீறாரு சார். இருவது வருசமா அவரு சட்டைய நான்தான் உதறித் தோய்க்கிறேன், ஒரே தூசு" என்றார்.

"உங்களுக்கு என்ன வேலைன்னுதான் கேட்டேன்" என்று எரிந்து விழுந்து, 'தொழில்: இல்லை' என்று எழுதினேன்.

தூசு பற்றித் தெரியாத டாக்டர், டி.பி. என்று மாத்திரை கொடுத்தார். ஆறு மாதம் வீணானது. பிறகு நெஞ்சில் கட்டிய நீரைச் சோதித்தபோது, ஆஸ்பெஸ்டாஸால் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோயைக் காட்டும் மார்க்கர் புரதம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"தூசுன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா இந்த டெஸ்ட்டை அன்னைக்கே அனுப்பியிருப்பேன்" என்று டாக்டர் ஃபைலை மேஜையில் வீசினார்.

அக்கா என்னைப் பார்த்தார். "நான் அன்னிக்கே சொன்னேனே சார், எழுதிக்கலையா?"

இருபது வருடம் சட்டை உதறியது தொழில் இல்லையாம். அப்படி எழுதிய கையால்தான் இன்றும் சோறு தின்கிறேன்.