மேட்சிங் கிடைக்காத கார்டு

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஐப்பசி மாதம். தாம்பரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய வணிக வளாகத்தில் எனக்கு பிளவுஸ் பிட், லைனிங், ஃபால்ஸ் விற்கிற மேட்சிங் கடை. வாயுள்ளவள் என்று சொல்லிச் சொல்லியே கடைக்காரர்கள் என்னைச் சங்கச் செயலாளர் ஆக்கிவிட்டிருந்தார்கள். மோட்டார் ஓடவில்லை, லிஃப்ட் நின்றுவிட்டது என்றால் எல்லாரும் என் கடை வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

ஒரு மத்தியானம் பெரிய இடி ஒன்று இறங்கியது. செல்போன் கடையில் டி.வி. போயிற்று. மாடிப்படிக்குக் கீழே, செக்யூரிட்டி நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த தீ அலாரப் பெட்டியும் அணைந்துபோயிற்று. எந்த மாடியில் புகை வந்தாலும் அந்த மாடிக்கான சிவப்பு விளக்கு எரிந்து சைரன் ஊதும். மற்ற நேரமெல்லாம் ஒரு சின்னப் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். அத்தனை வருடமாக அதை நாங்கள் யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அணைந்த பிறகுதான் அங்கே ஒரு விளக்கு இருந்ததே தெரிந்தது.

சர்வீஸ் தம்பி வந்து பெட்டியைத் திறந்தார். கருகின வாடை வந்தது. உள்ளே இருந்த சர்க்யூட் கார்டைக் கழற்றிக் காட்டி, "இந்த மாடலையே கம்பெனி நிறுத்திட்டாங்கக்கா. பார்ட்ஸ் கிடைக்காது. மொத்தமா மாத்திடுங்க" என்றார். மாற்றுவது என்றால் எல்லா மாடியிலும் சீலிங்கைப் பிரித்துப் புது ஒயர் இழுக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு கடையாக மூடியாக வேண்டும். தீபாவளி வியாபார நேரம். பண்டிகை முடியட்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

மூன்றாவது மாடியில் ஒரு டயாலிசிஸ் சென்டர் இருக்கிறது. தகவல் சொல்ல அங்கே போனேன். வரிசையாகக் கட்டில்கள். கையில் குழாய் சொருகிப் படுத்திருந்த ஒரு ஆட்டோக்காரர், நான் நர்ஸிடம் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார். "மணி அடிச்சா நீ ஓடிடுவக்கா. என்னிய இதுலேர்ந்து கழட்டி வுடவே நேரமாவும். எனக்கு மட்டும் கொஞ்சம் முன்னாடியே சொல்லிடு, இன்னா?"

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அலாரம் சரியாகும்வரை மாடிக்கு ஒருவர் விசிலோடு சுற்றி வருவது என்று முறை வைத்தோம். இரண்டு நாள் ஒழுங்காக நடந்தது. அப்புறம் கூட்டம் ஏறியதும் அவரவருக்குக் கடை பெரிதாகிவிட்டது. ஒரு சாயங்காலம் மேலே ஏறினால், இரண்டாவது மாடி ஜன்னல் மேடையில் விசில் மட்டும் தனியாகக் கிடக்கிறது. அன்றைக்கே முடிவு செய்தேன், கார்டைத் தேடி நானே போவதென்று.

நம் தொழில் புத்தி எங்கே போகும்? புடவையைக் கையில் வைத்துக்கொண்டு பிட் தேடுகிற மாதிரி, கருகின கார்டைப் பையில் போட்டுக்கொண்டு எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறினேன். அதே பச்சை நிறம், அதே நீளம், அதே ஓட்டைகள் என்று ஒன்று கிடைத்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பெருமையோடு வாங்கி வந்தேன். சர்வீஸ் தம்பி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இது வேற பெட்டியோடதுக்கா. மாட்டினா இருக்கறதும் போயிடும்" என்றார். ஊருக்கே மேட்சிங் பார்த்துக் கொடுக்கிறவள், அதைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு வேறு வழி தோன்றியது. எங்கள் கட்டடம் எழும்பிய காலத்தில் எழும்பின கட்டடங்களில் இதே பெட்டி இருக்கலாமே? ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒவ்வொரு பழைய வளாகமாக நுழைந்து படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஓர் இடத்தில் செக்யூரிட்டி வழிமறித்து, "இன்னாக்கா, ஃபயர் ஆபீஸா?" என்று பயந்துகொண்டே கேட்டார். "இல்லப்பா, பிளவுஸ் பிட் கடை" என்றேன். அவர் இன்னும் பயந்துவிட்டார்.

கடைசியில் வண்டலூரில் ஒரு கட்டடத்தில் அதே பெட்டி, பச்சை விளக்கோடு இருந்தது. பராமரிப்புப் பொறுப்பில் இருந்தவர் ஒரு பாய். விஷயத்தைச் சொன்னதும் பீரோவைத் திறந்து, துண்டில் சுற்றி வைத்திருந்த ஒரு கார்டை எடுத்துக் காட்டினார். அதேதான். எங்கேயோ இடித்த கட்டடத்திலிருந்து வாங்கி வைத்ததாம். அந்த ஒன்றுதான் அவரிடம் உண்டு.

கொடுப்பதாக அவர் சொல்லவில்லை. மாடிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு குழந்தைகள் காப்பகம். சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். "இவங்களுக்காகத்தாம்மா ஸ்பேர் வச்சிருக்கேன்" என்றார் மெதுவாக. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

கீழே வந்தபோது பின்னாலேயே வந்து, "உங்க மாடியில யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டார். டயாலிசிஸ் சென்டரைப் பற்றிச் சொன்னேன். ஆட்டோக்காரர் கேட்டதையும் சொன்னேன். அவர் உள்ளே போய்த் துண்டோடு கார்டை எடுத்து வந்தார். அப்புறம் கட்டட உரிமையாளருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டுக் கார்டை என் கையில் வைத்தார்.

"எங்க புள்ளைங்க எழுப்பினா நடந்துடும். நடக்காததத் தூக்கிக்கலாம். உங்காளுங்கள சட்டுனு தூக்கவும் முடியாதேம்மா. எடுத்துட்டுப் போங்க. ஆனா ஒண்ணு, இத வச்சுக்கிட்டு புதுச மறந்துடாதீங்க."

மறுநாளே பச்சை விளக்கு எரிந்தது. அன்று கடைக்காரர்களைக் கூட்டி, வண்டலூரில் தூங்குகிற பிள்ளைகளுக்கு நமக்காக ஸ்பேர் இல்லாமல் போயிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். புது அலார வேலைக்கு அதிகமாக முரண்டு பிடித்த ஸ்வீட் கடைக்காரரே, தீபாவளிக்கு மறுவாரம் என் கடை சீலிங்கையே முதலில் பிரியுங்கள் என்றார்.

பங்குனிக்குள் புது அலாரம் வந்துவிட்டது. பாயின் கார்டை ஒரு புது பிளவுஸ் பிட்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, எங்கள் பழைய பெட்டியில் மிச்சமிருந்த நல்ல பாகங்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். இறக்குவதைப் பார்த்துவிட்டு அவர், "ஒத்தையா அனுப்பினேன், சீரோட வந்திருக்கே" என்று சிரித்தார்.

அந்தச் சில மாதங்களில் இடி இடிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வண்டலூர்தான் ஞாபகம் வரும். "பாய், பச்சை எரியுதா?" என்று போன் போடுவேன். "எரியுதும்மா. உங்களுது?" என்பார். கார்டைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை.

எங்கள் கட்டடத்திலும் அவர்கள் கட்டடத்திலும் அந்த நாட்களில் ஒன்றுமே நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காத நாட்களுக்காக, முன்பின் தெரியாத ஒரு மனிதர் தன் பிள்ளைகளின் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தாரே, அதை நினைத்துக்கொண்டுதான் இன்றைக்கும் கடையைத் திறக்கும் முன் படிக்கட்டுக்கு அடியில் ஒரு நிமிடம் நின்று புதுப் பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுப் போகிறேன்.