கொம்பு இடம் மாறிய போஸ்டர்

திண்டிவனத்தில் நான் டைப் அடித்த கடையின் முதலாளி, ரெய்டு வரும் என்று பயந்து திருட்டு விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸைப் போட்டான். அன்றிலிருந்து திரையில் தமிழ் நாறியது. 'கெ' அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. எழுத்துருவை மாற்றினேன். செட்டிங்கை எல்லாம் நோண்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை.

"டைப்ரைட்டர்ல கொம்பதான முதல்ல அடிப்ப? அப்டியே அடிச்சிக்கினு போ," என்றான் முதலாளி. அடித்தேன். திரையில் சரியாகத் தெரிந்தது.

மரக்காணம் பக்கத்து மீனவர் ஒருவர், இறந்துபோன தம்பிக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கேட்டு வந்தார். சாயங்காலம் அடக்கம். திரையில் படித்துவிட்டுத் தலையாட்டினார். விழுப்புரம் அச்சகத்துக்கு ஈமெயிலில் அனுப்பினேன். உடனே போன் வந்தது. அவர்களுடைய கம்ப்யூட்டர் ஒழுங்கானது. அதில் கொம்பெல்லாம் முந்தின எழுத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றதாம்.

எழுத்தை முதலில், கொம்பை அப்புறம் என்று முறைப்படி திருத்த ஆரம்பித்தேன். என் திரையில் தம்பியின் பெயர் சிதைந்தது.

"இன்னாப்பா, நல்லா இருந்ததக் கெடுத்துக்கினு கீற?" என்றார் மீனவர்.

"இங்க கெட்டாதான்ணே அங்க நல்லா வரும்."

"செத்தவன் பேர்லயா வெளயாடுற?"

"ஸ்கிரீன்ல நல்லாத்தான இருந்துச்சி?" என்றான் முதலாளியும்.

"நீ வாய மூடு," என்றேன். மீனவர் பார்க்காதபடி மானிட்டரைத் திருப்பி வைத்துக்கொண்டு அடித்து முடித்து அனுப்பினேன்.

மறுபடி போன் வந்ததும் ரிசீவரை அவர் காதில் வைத்து, அச்சகத்துக்காரரைப் படிக்கச் சொன்னேன். தம்பியின் பெயரை முழுசாகக் கேட்ட பிறகுதான், "அடிக்கச் சொல்லு" என்றார்.