குளவி கொட்டிய அன்று நான் போட்டிருந்த விதி

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடி மாதம். பள்ளிவாசல் என்ற மலையூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. புதிதாக ஒரு சாப்ட்வேர் போட்டிருந்தேன். நிர்வாகம் சொல்லும் விதியை எழுதிக்கொடுத்தால் போதும், எல்லாக் கருவிகளையும் அதுவே அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும். மேனேஜர் சொன்ன முதல் விதி: ஆன்லைன் தேயிலை ஏலம் நடக்கும்போது ஆபீசுக்கும் பாக்டரிக்கும் மட்டும்தான் இன்டர்நெட்; தொழிலாளர் நலனுக்கான வெல்ஃபேர் பிரிவுக்குக் கிடையாது. கிளப் டி.வி.யும் கேன்டீனும்தானே என்று எழுதிவிட்டு, பெரிய கெட்டிக்காரன் நினைப்பில் இருந்தேன்.

ஏலம் தொடங்கிச் சற்று நேரத்தில், எஸ்டேட் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் மழையில் நனைந்துகொண்டே ஓடிவந்தார்.

"தம்பி, கொழுந்து எடுக்கிற பொம்பளைய குளவி கொட்டிருச்சு! தொண்டை வீங்கி மூச்சு விட முடியல. டவுன் டாக்டர் வீடியோவுல பாத்து ஊசி சொல்லிக்கிட்டு இருந்தாரு, பாதியில லைன் போயிருச்சு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எஸ்டேட் வழக்கத்தில் ஆஸ்பத்திரியும் வெல்ஃபேரில்தான் சேர்த்தி! அந்தப் பள்ளத்தில் மொபைல் சிக்னல் கிடையாது. ஆஸ்பத்திரி போனும் அதே லைன்தான்.

அவசரமாக லைனைத் திறந்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, விதிக்கு மாறானது என்று சாப்ட்வேர் மூடிவிட்டது. மறுபடி திறந்தேன், மறுபடி மூடியது. யார் கைவைத்தாலும் பழையபடி ஆக்கிவிடு என்று அதற்குச் சொல்லிவைத்த மகா புத்திசாலி நானேதான். விதியைத் திருத்த மேனேஜர் அனுமதி வேண்டும். டவுனில் இருந்த அவருக்கு நாலு தடவை போன் அடித்தேன், எங்கேஜ்டு.

"என்ன தம்பி, வருதா இல்லையா?" கம்பவுண்டர் அழாத குறையாகக் கேட்டார்.

விதியைத் தொடத்தான் அனுமதி வேண்டும், எந்த இடம் எந்தப் பிரிவு என்ற பட்டியலைத் தொட வேண்டியதில்லை. சட்டென்று ஆஸ்பத்திரியை வெல்ஃபேர் பட்டியலிலிருந்து எடுத்து, 'பாக்டரி' என்று பதிந்தேன். இந்த முறை சாப்ட்வேர் மூடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். டாக்டர் வீடியோவில் வந்துவிட்டார், ஊசி போடுகிறோம் என்று நர்ஸ் சொன்னதும் போனைக் கம்பவுண்டரிடமே கொடுத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, குளவி கொட்டிய அந்த அக்கா ஆபீசுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் லைன் குடுத்தீங்களாம், நல்லாயிருக்கணும் தம்பி."

லைனை அறுத்தவனும் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. இப்போதெல்லாம் ஒரு விதி எழுதுமுன், அது யார் யாரைத் தொடும் என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனாலும் எனக்குச் சேராத அந்த நன்றியை நினைத்தால் இன்றும் கூசிப்போகிறேன்.